அளவறிந்து உண்ட அண்ணல்

ஞாயிறு மறைந்தபின் உண்ணாமை நம் இல்லங்களில் வழிவழியாகப் போற்றப்பட்டுவரும் ஒழுக்கம். சிராவகர்க்குரிய இவ்விரதத்தை, நம் சமயத்தில் பிறவாத ஒருவர் தம் நாற்பத்தைந்தாம் அகவையில் தாமே விரும்பி ஏற்றார். அவர் அண்ணல் காந்தியடிகள். அவருடைய பொதுவாழ்வை அறியாதார் இலர். உணவோடு அவர் நடத்திய நெடிய போராட்டத்தை முழுமையாக அறிந்தோர் சிலரே. அதில் வெற்றியும் உண்டு, வீழ்ச்சியும் உண்டு. இரண்டுமே நமக்குப் பாடமாவன.

1869 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் கத்தியவார்ப் பகுதியின் போர்பந்தரில் அவர் பிறந்தார். குடும்பம் வைணவக் குடும்பம். எனினும் சமண முனிவர்கள் அவ்வில்லத்திற்கு வருவதும், அவர் தந்தையாரோடு அறம் உரையாடுவதும், அங்கு உணவு ஏற்பதும் வழக்கமாக இருந்தன. அன்னை புத்லிபாய் நோன்பிற் சிறந்தவர். ஒரு சாதுர்மாசத்தில், கதிரவனைக் காணாமல் உண்பதில்லை என்று அவர் உறுதி பூண்டார். கார்காலத்து வானை நோக்கிப் பிள்ளைகள் காத்து நிற்பர். முகில் விலகிக் கதிர் தோன்றியதும் ஓடிச்சென்று அன்னையிடம் கூறுவர். அவர் வெளியே வருவதற்குள் கதிர் மறைந்துவிட்டால், முகத்தில் வாட்டம் சிறிதுமின்றித் தம் வேலைகளுக்குத் திரும்பிவிடுவார். பசியைப் பொறுப்பதினும் மகிழ்வோடு பொறுப்பது அரிது என்னும் பாடத்தை மகன் அங்கே கற்றார்.

ஆயினும் அம்மகனே இளமையில் வழுவினார். புலால் உண்டால்தான் ஆங்கிலேயரை வெல்லும் வலிமை வரும் என்று தோழன் ஒருவன் கூறியதை நம்பி மறைவில் உண்டார். அன்றிரவு ஓர் ஆடு தம் வயிற்றுக்குள் உயிரோடு கதறுவது போன்ற உணர்வு அவரை உறங்கவிடவில்லை. பின்னும் சிலமுறை உண்டார். அந்நாள்களில் வீட்டில் பசியில்லை என்று அன்னையிடம் பொய்யுரைக்க நேர்ந்தது. அப்பொய்யே அவரை வருத்தியது. பெற்றோர் வாழுங்காலம் வரை தொடுவதில்லை என்று அதனைக் கைவிட்டார்.

1888 ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டனுக்குப் புறப்பட்டபோது அன்னை அஞ்சினார். குடும்பத்தின் நல்லாசிரியராக விளங்கிய சமணத் துறவி பேசர்ஜி சுவாமி, மது, மாது, புலால் மூன்றையும் தீண்டேன் என்னும் உறுதிமொழியை அவருக்கு அளித்த பின்னரே அன்னை விடை கொடுத்தார். இலண்டனில் தொடக்க நாள்கள் கொடியவை. உப்பும் காரமும் இல்லாத உணவு இறங்கவில்லை. அரை வயிற்றோடு அலைந்தார். ஒருநாள் பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டார். அங்கே வாங்கிய ஹென்றி சால்ட்டின் நூல் அவர் நோக்கை மாற்றியது. அதுவரை அன்னைக்காகக் காத்த விரதம், அன்றுமுதல் அவருடைய சொந்த அறமாயிற்று.

அதன்பின் ஊரிலிருந்து வந்த இனிப்பையும் மசாலையையும் நிறுத்தினார். முன்பு சப்பென்றிருந்த வேகவைத்த கீரை இப்போது சுவைத்தது. கீரை மாறவில்லை, உண்பவர் மனமே மாறியது. சுவையின் இருப்பிடம் நாவன்று, மனமே என்று அவர் தெளிந்தார். முட்டை புலாலில் சேராது என்று அங்குச் சிலர் கூறியபோது, தமக்கு உறுதிமொழி தந்த அன்னை எப்பொருளில் கொண்டாரோ அதுவே பொருள் என்று கருதி முட்டையையும் விலக்கினார். பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்த நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். அந்நடையே தம் உடலை நோயின்றிக் காத்தது என்று பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

தென்னாப்பிரிக்காவில் மலச்சிக்கலும் தலைவலியும் அவரை வருத்தின. காலை உணவை நிறுத்தியதும் தலைவலி நீங்கியது. தேவைக்கு மிகுதியாக உண்டு வந்ததை அதனால் உணர்ந்தார். அவர் தம் வழிகாட்டியாகப் போற்றிய சமணச் சான்றோர் ராய்சந்த்பாய், பால் புலன்களைத் தூண்டும் என்று முன்பே உணர்த்தியிருந்தார். கறவை மாடுகள் படும் துன்பத்தையும் அறிந்தபின், 1912 ஆம் ஆண்டு டால்ஸ்டாய் பண்ணையில் பாலைத் துறந்தார்.

1915 ஆம் ஆண்டு தாயகம் திரும்பியபின் கல்கத்தாவில் ஓர் அன்பர் இல்லத்தில் தங்கினார். அக்காலத்தில் அவர் பழமும் கொட்டைப் பருப்புமே உண்டு வந்தார். அவருக்காக அவ்வீட்டுப் பெண்கள் இரவெல்லாம் கண்விழித்துப் பருப்புகளின் தோலை உரித்தனர். எளிமைக்காக மேற்கொண்ட உணவு பிறர்க்குச் சுமையாயிற்றே என்று அவர் நெஞ்சம் நொந்தது. அவ்வாண்டு ஹரித்துவாரத்துக் கும்பமேளாவில், இந்தியாவில் இருக்குங்கால் ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டியபின் உண்பதில்லை என்று இரு விரதங்கள் பூண்டார். நோயுற்றால் உட்கொள்ளும் மருந்தையும் அவ்வைந்தினுள் அடக்கினார்.

இத்தகையவரும் ஒருமுறை நாவிடம் தோற்றார். 1918 ஆம் ஆண்டு கேடா மாவட்டத்தில் ஓய்வின்றி அலைந்தபோது இலேசான வயிற்றுக்கடுப்பு கண்டிருந்தது. உண்ணாதிருத்தலே தக்கது என அறிந்திருந்தார். அன்று பண்டிகை நாள். கஸ்தூரிபாய் ஆக்கி வைத்திருந்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியும் பாசிப்பயறும் அவரை ஈர்த்தன. சிறிது உண்ண அமர்ந்தவர் வயிறு நிறைய உண்டார். ஒரு மணி நேரத்திற்குள் கடுப்பு முற்றியது. இறப்பு நெருங்கியதாகவே எண்ணினார். பாலின்றி உடல் தேறாது என்றார் மருத்துவர். அவர் விலக்கியபோது எண்ணியது பசுவின் பாலையும் எருமைப் பாலையுமே என்பதால் ஆட்டுப்பால் ஆகுமே என்றார் கஸ்தூரிபாய். அண்ணல் இசைந்தார், பிழைத்தார். எனினும் விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளை இழந்துவிட்டதாக வருந்தி, அக்குறையை உலகறிய எழுதினார்.

அவ்வுடல்தான் 1930 ஆம் ஆண்டு, அறுபது வயது கடந்த நிலையில், சபர்மதியிலிருந்து தண்டிவரை ஏறத்தாழ 240 மைல் தொலைவை 24 நாள்களில் நடந்து கடந்தது. அளவான உணவு, நாள்தோறும் நடை, வைகறைத் துயிலெழுதல், வழிபாடு என்று பல்லாண்டு பயின்ற ஒழுங்கு அவர்க்குத் துணைநின்றது.

1948 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் நாள் தில்லி பிர்லா மாளிகையில், சர்தார் படேலோடு பேசிக்கொண்டே மாலை நான்கரை மணியளவில் அண்ணல் உணவு கொண்டார். ஆட்டுப்பாலும் காய்கறியும் ஆரஞ்சும் அவ்வுணவில் இருந்தன. ஐந்து மணி கடந்து வழிபாட்டிற்கு நடந்து சென்றபோது சுடப்பட்டு வீழ்ந்தார். ஞாயிறு அன்று இன்னும் மறையவில்லை.

நம் முன்னோர் வகுத்த அவமோதரியமும் ரசபரித்தியாகமும் முனிவர்க்கு மட்டும் உரியன அல்ல. வயிறு நிறையுமுன் எழுவதும் விரும்பும் சுவையொன்றை நீக்குவதும் இல்லறத்தார்க்கும் இயல்வனவே. அலுவல் முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் நம் பிள்ளைகள் மாலை உணவை எவ்வாறு காப்பர் என்று கவலைப்படுகிறோம். காலையில் மதியவுணவோடு மாலைக்கும் ஒரு சிறு பாத்திரம் கட்டிக்கொடுத்தால் அக்கவலை பாதி தீரும். ஒருநாள் தவறினால் அதை மறைக்கவும் வேண்டா. அதன்பொருட்டு விரதத்தையே விடவும் வேண்டா. தவறியதை ஒப்புக்கொண்டு மறுநாள் தொடர்வதே அண்ணல் காட்டிய வழி. இத்திருவிழா நாளில், இலையில் இனிப்பு பரிமாறப்படும்போதும் அதனை நினைவிற் கொள்வோமாக.