புத்தர் திருவுருவைக் காணக் கற்பித்த கலாயோகி ஆனந்த குமாரசாமி

பௌத்த அன்பர் இல்லந்தோறும் பகவன் புத்தரின் திருவுருவம் ஒன்று இருக்கின்றது. அதன் முன் விளக்கேற்றி, மலர் வைத்து, திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுகின்றோம். ஆயினும் அயலார் ஒருவர் வந்து, பழைய சாமியை விட்டுப் புதிய சாமியைப் பிடித்துக்கொண்டீர்களோ என்று வினவுங்கால், நம்மில் பலர் விடை கூறத் தெரியாது திகைக்கின்றனர். ஏன்? உருவத்தை வணங்கக் கற்றோம், காணக் கற்றோமில்லை. காண்பதற்கும் ஒரு கல்வி வேண்டும். அக்கல்வியை உலகுக்கு அளித்தோருள் தலைசிறந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசாமி. அவர்தம் வரலாற்றை நம் சங்கத்தார் அறிதல் நலம்.

அவர் 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசாமி, இலங்கைத் தமிழர், சட்ட அறிஞர், சட்டசபை உறுப்பினர். தாயார் எலிசபெத் அம்மையார் ஆங்கிலப் பெண்மணி. நமக்கு மகிழ்வூட்டும் செய்தி ஒன்று உண்டு. சைவ சமயத்தவராகிய அத்தந்தையார் பாலி மொழி பயின்று, சுத்தநிபாதத்தின் ஒரு பகுதியையும், புத்தரது தந்ததாதுவின் வரலாறாகிய தாதாவம்சத்தையும் 1874-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். மைந்தர்க்கு வைத்த பெயரும் பகவனின் அணுக்கச் சீடர் பெயரே. ஆனால் தந்தையின் மடியில் வளரும் பேறு குழந்தைக்கு வாய்க்கவில்லை. 1879-இல் தந்தையார் மறைந்தார். சிறுவர் ஆனந்தர் இங்கிலாந்தில் தாயாரிடம் வளர்ந்தார்.

இலண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் கற்றவை நிலவியலும் தாவரவியலும். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கினார். கல்லையும் மண்ணையும் ஆராய ஊர் ஊராகச் சென்றவர், கண்டிநாட்டுச் சிற்றூர்களில் வேறொரு செல்வத்தைக் கண்டார். சித்திரக்காரரும் தச்சரும் கொல்லரும் நெசவாளரும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த கைத்திறன், ஆலைச் சரக்கின் முன் நிற்கமாட்டாது அழிந்துகொண்டிருந்தது. அது கண்டு அவர் உள்ளம் வருந்திற்று. அவ்வருத்தத்தில் விளைந்ததே 1908-இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல். புத்தர் உருவத்திற்குக் கண் எழுதும் சடங்கையும் அந்நூலில் விரித்துரைத்தார். உடல் முழுவதும் முடிந்த பின்னரும், கண் எழுதப்படும் வரை அது வணக்கத்திற்குரிய உருவம் ஆகாது என்பது சிங்கள மரபு.

இனி, 1910-ஆம் ஆண்டு சனவரித் திங்களுக்கு வருவோம். இலண்டன் அரச கலைக்கழகத்தில் ஒரு கூட்டம். கல்கத்தாக் கலைப்பள்ளியின் தலைவராயிருந்த ஹாவெல் என்பார் இந்தியக் கலை பற்றி உரையாற்றினார். கூட்டத் தலைவர் சர் ஜார்ஜ் பேர்டுவுட். இவர் இந்தியாவை அறியாதவர் அல்லர், பெல்காமில் பிறந்தவர், பம்பாயில் பணி புரிந்தவர், நம் நெசவையும் பாத்திர வேலையையும் புகழ்ந்து நூல் எழுதியவர். அத்தகையவர், சாவகத் தீவின் தியான புத்தர் சிலையொன்றின் படத்தைச் சுட்டி, இது கொழுப்பும் மாவும் கலந்து அவித்த பண்டம் போன்றது என்று எள்ளினார். நம் ஊர் வழக்கில் சொன்னால், களியுருண்டை என்றாற்போல! இந்தியாவில் கைத்தொழில் உண்டு, உயர்கலை இல்லை என்பது அவர் கொள்கை. பிப்ரவரியில் ஆங்கிலக் கலைஞரும் அறிஞருமாகிய பதின்மூவர் கையெழுத்திட்டு, அச்சிலை உலகின் உயர்ந்த கலைப்படைப்புகளில் ஒன்றெனப் பத்திரிகையில் மறுப்பு வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே இந்தியக் கலையை எடுத்துரைக்க இந்தியா சங்கம் தோன்றிற்று. அதனைத் தோற்றுவித்தோருள் குமாரசாமியும் ஒருவர்.

அன்பர்களே, பேர்டுவுட்டின் கண்ணில் குறையில்லை. அவர் கைக்கொண்ட அளவுகோலிலேயே குறை. தசையும் நரம்பும் புடைத்து நிற்கும் கிரேக்கச் சிலையைக் கொண்டு அவர் புத்தரை அளந்தார். படியால் துணியை அளக்கலாகுமோ? குமாரசாமி தம் வாழ்நாள் முழுதும் விளக்கியது இதுவே. ஒரு சமுதாயத்தின் கலையைக் காணப் புகுவோர், அதனைச் செய்தவன் எதனைக் காட்ட முற்பட்டான் என்று முதற்கண் அறிதல் வேண்டும். நம் சிற்பி ஓர் ஆளை எதிரே நிறுத்தி அவன் மேனியைப் படியெடுத்தான் அல்லன். தியானத்தில் உள்ளத்தே உருவை அமைத்துக்கொண்டு பின்னரே உளி எடுத்தான். அவன் வடித்தது போதியை. தாழ்ந்த இமை உள்நோக்கிய அறிவைக் காட்டும். நிலத்தைத் தொடும் வலக்கை, மாரனை வென்ற இரவில் பூமியைச் சான்றுக்கு அழைத்த செய்தியைக் காட்டும். தாமரை, சேற்றில் பிறந்தும் சேறு படாமையைக் காட்டும். இவற்றை அறிந்தார்க்கு அது நூல், அறியாதார்க்குக் களியுருண்டை.

மேனாட்டாரை அவர் வெறுத்தொதுக்கவில்லை. அவர்தம் முன்னோர் மாதாகோயில்களை எழுப்பிய காலத்தில் இதே முறையில்தான் பணி செய்தனர் என்றும், பிற்காலத்தார் தம் மரபையே மறந்தனர் என்றும் எடுத்துக்காட்டினார்.

வேறொரு வழக்கும் எழுந்தது. புத்தருக்கு உருவம் அமைக்கக் கிரேக்கரே காந்தாரத்தில் கற்பித்தனர் என்று பிரெஞ்சு அறிஞர் பூஷே எழுதினார். குமாரசாமி 1927-இல் இதனை ஆராய்ந்து மறுத்தார். தொடக்கத்தில் சாஞ்சியிலும் பாரூத்திலும் புத்தர்க்கு உருவமே இல்லை. வெற்றிருக்கை, திருவடிச் சுவடு, தருமச் சக்கரம், போதிமரம் ஆகிய குறிகளே இருந்தன. பின்னர் மதுராபுரிச் சிற்பிகள் செதுக்கிய புத்தர், இந்நாட்டுப் பழைய இயக்கர் சிலைகளின் வழிவந்தவர் என்று அவர் நிறுவ முயன்றார். இரு நிலங்களிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவம் தோன்றியது என்று பிற்கால அறிஞர் பலர் கூறுவர். சென்னை எழும்பூர்க் காட்சிச்சாலைக்குச் செல்வோர், அமராவதிக் கற்களில் குறிகளையும் உருவங்களையும் ஒருங்கே காணலாம்.

தாம் திரட்டிய கலைச்செல்வத்தைக் காசியில் ஒரு தேசியக் கலைக்கூடம் அமைய அளிக்க முன்வந்தார். நம் நாட்டார் முயலவில்லை. 1917-இல் அத்திரட்டு அமெரிக்காவின் பாஸ்டன் காட்சிச்சாலைக்குச் சென்றது. அவரும் காப்பாளராகச் சென்றார். முப்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்து, 1947 செப்டம்பர் 9-இல் மறைந்தார். காட்சிச்சாலையில் வாழ்ந்தும், கண்ணாடிப் பேழையில் வைத்து அழகு பார்ப்பது மட்டும் அறிவாகாது என்றார். பயன் கருதிச் செய்யப்பட்ட பொருளை அதன் பயனோடு சேர்த்தே அறிதல் வேண்டும் என்பது அவர் கருத்து.

இவ்வளவும் போற்றியபின், மறைக்கலாகாத ஒன்றையும் கூறல் வேண்டும். இப்பெரியார் வருண முறையை ஆதரித்து எழுதினார். பௌத்தமும் பிராமணியமும் உள்ளீட்டில் வேறல்ல என்றும் கொண்டார். அண்ணல் அம்பேத்கர் 1956-இல் நாகபுரியில் காட்டிய வழியில் வந்த நாம் இதனை ஏற்கமாட்டோம். மனிதர் ஒவ்வொருவரும் ஒருவகையில் கலைஞரே என்று அவர் கற்பித்தார். நூலாலையில் தறியின் முன் பல்லாண்டு நின்ற யாம், அச்சொல்லை முதன்முதல் படித்தபோது கண்ணீர் விட்டோம். ஆனால் அக்கலைஞனின் கையைப் போற்றிக்கொண்டே அவனைத் தெருவின் ஓரத்தில் நிறுத்திய சாதியை, அதே பெரியார் எவ்வாறு ஒழுங்கு என்று கண்டார்? களிமண்ணில் போதியைக் கண்ட கண், சேரியில் மனிதனின் துயரைக் காணவில்லை. அவரும் உயரத்திலிருந்து ஓர் அளவுகோலால் அளந்தார் போலும்.

ஆதலின் அவரிடம் கொள்ளத்தக்கதைக் கொள்வோம். ஆராய்ந்து ஏற்பது ததாகதர் நமக்குத் தந்த உரிமை. நாளைக் காலை விளக்கேற்றும்பொழுது, கைகூப்புமுன் ஒரு நொடி திருவுருவை உற்று நோக்குங்கள். இமை ஏன் தாழ்ந்தது? கை ஏன் நிலத்தைத் தொட்டது? நம் மக்களையும் அருகிருத்தி அவர்க்குச் சொல்லுங்கள். அயலார் வினவினால், நாங்கள் வரம் கேட்கும் சாமி அன்று இது, நாங்கள் ஆகவேண்டிய நிலையைக் காட்டும் உருவம் என்று விடை கூறுங்கள். சிற்பி எழுதிய கண் ஏற்கெனவே திறந்திருக்கின்றது. திறவாதிருப்பது நம்முடையதே.