31 வயதில் உத்தியோகத்தை விட்டவர்

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இசைதான். இசையைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் சட்டம் வாசகர்கள் அறிந்ததே; அதை விரிக்க நான் இதை எழுதவில்லை. அவர் கிறிஸ்தவர் என்பதும் தெரிந்ததே. ஆயினும் அவருடைய வரலாற்றில் நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்க வேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. அதைச் சொல்பவர்கள்தாம் குறைவு.

தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859-ஆம் ஆண்டு பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். இளமையிலேயே சித்த வைத்தியத்தில் நாட்டம் மிகுந்து, 1877-இல் சுருளிமலைக்குப் போய்க் கருணானந்தர் என்ற துறவியிடம் மருந்து முறைகளைக் கற்றுக்கொண்டார். அப்போது வயது 18. 1882-இல் திருமணம். மறு ஆண்டு கணவனும் மனைவியும் தஞ்சைக்குக் குடிவந்து, லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் இருவருமே வேலையில் அமர்ந்தார்கள். மனைவி ஞானவடிவு பொன்னம்மாள் தலைமையாசிரியை, இவர் தமிழாசிரியர்.

இங்கே சற்று நிதானித்துப் பாருங்கள். கையில் ஒரு தொழில் வந்துவிட்டது என்பதற்காக அவர் உத்தியோகத்தை உடனே உதறிவிடவில்லை. பள்ளிக்கூட வேலையும் வைத்தியமும் பல ஆண்டுகள் சேர்ந்தே நடந்தன. மருந்து தன் காலிலேயே நிற்கும் என்று உறுதியான பிறகே, 1890-இல் இருவரும் பள்ளியிலிருந்து விலகினார்கள். மருந்தைக் கற்றதற்கும் சம்பளத்தை விட்டதற்கும் இடையில் 13 ஆண்டுகள். அப்போதும் அவருக்கு வயது 31-தான்.

நம் பக்கத்து ஊர்களில் நடப்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. இருபது வயதில் சபர் போகிறான் பிள்ளை. முதல் சம்பளத்திலிருந்தே கல்யாணக் கடன், வீடு கட்டிய கடன், ஊர் மெச்சும் விருந்து. ஐம்பது வயதிலும் லீவு முடிந்து, அழும் பேரப்பிள்ளையை விலக்கிவிட்டு விமானம் ஏறுகிறான். சம்பாதிக்காதவன் அல்லன், அவனிடம் தங்கியது இல்லை. சேர்ப்பது உலக ஆசை என்று எண்ணுவோரும் உண்டு. சேர்த்தது நிஸாபை எட்டி ஓராண்டு கடந்தால் நாற்பதில் ஒன்றை ஜகாத்தாகக் கொடு என்று மார்க்கம் சட்டம் வகுத்திருப்பதே, ஹலாலாகச் சேர்ப்பதற்குத் தடையில்லை என்பதைக் காட்டப் போதும்.

பண்டிதருக்கு வருவோம். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் நாடெங்கும் விற்றன. மருந்தில் வந்த பணம் ஆடம்பரமாகக் கரையவில்லை, தஞ்சைக்கு வெளியே நிலமாயிற்று. நிலத்தில் மூலிகையும் கரும்பும் விளைந்தன. மூலிகை மீண்டும் மருந்தாயிற்று. அந்த இடத்துக்கு ஆசிரியர் பெயரால் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார். ஊரார் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தனர். 1909-இல் அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் தந்தது.

அந்தப் பணம் அவருக்கு எதைச் செய்தது? தஞ்சையில் வித்துவான்கள் அரண்மனை மானியத்தை நம்பி வாழ்ந்தவர்கள். 1855-இல் மராட்டிய அரசு முடிந்ததும் ஜமீன்தார்களையும் வேறு சமஸ்தானங்களையும் நாடிப் போனார்கள். கொடுப்பவர் முகம் சுளிக்காதபடிதானே பேச வேண்டும்? பண்டிதருக்கு அந்த நிலை வரவில்லை. 1912 முதல் 1916 வரை தஞ்சையில் ஆறேழு மாநாடுகளைச் சொந்தச் செலவில் கூட்டினார். அறிஞர் பலர் ஒப்பாத தம் கருத்துகளையும் தயங்காமல் எடுத்து வைத்தார். 1917-இல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலைத் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார். பதிப்பாளர் வாசலில் நிற்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் நினைவு வந்தது. கூஃபாவில் அவர்களுக்குத் துணி வியாபாரம் இருந்தது. கலீஃபா மன்சூர் கொடுத்த காழிப் பதவியை மறுத்தபோது, அடுத்த வேளை உணவுக்கு அவர்கள் அரண்மனையை எதிர்பார்த்திருக்கவில்லை. இன்று முத்தவல்லியின் முகம் பார்த்து ஜும்ஆ பயானை அளந்து பேசும் இமாம்களைக் குறை கூறுகிறோம். அவருக்கு நாம் கொடுக்கும் சம்பளத்தில் மாதம் முடிவதே பாடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

பண்டிதர் 1919 ஆகஸ்ட் 31-இல், தம் அறுபதாவது வயதில் காலமானார். தாம் வாங்கிய அந்தத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் எழுதி வைத்துவிட்டுப் போன இரண்டாம் பாகம் 1946-இல் வெளிவந்தது.