சர்க்கார் வக்கீலாய் விளங்கி அறங்காத்த மணி ஐயர்

திருக்குடமுழுக்குப் பெருவிழாக் காணும் இந்நன்னாளில், புதுப் பொலிவுடன் நிற்கும் விமானத்தையும் கலசத்தையும் கண்டு அன்பர் உள்ளம் உருகுவது இயல்பே. கல் எடுத்துக் கொடுத்தவரும், பொருள் அளித்தவரும், உளி பிடித்தவரும் நம் நன்றிக்கு உரியர். ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத திருப்பணி ஒன்றும் உண்டு. விளக்கெரிக்கவும் அமுது படைக்கவும் முன்னோர் எழுதிவைத்த நிலம் பிறர் கைக்குப் போகாமல் காப்பதும், உண்டியலில் விழுந்த காசுக்குக் கணக்குக் கேட்பதும் அத்திருப்பணியாகும். அதனைத் தம் வாழ்நாளின் கடமைகளுள் ஒன்றாகக் கொண்ட பெரியார் சர் சுப்பிரமணிய ஐயர் அவர்கள். மணி ஐயர் என்று நாடு அன்போடு அழைத்த அவர்தம் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர்தல் பொருத்தமுடையது.

ஐயர் அவர்கள் 1842-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் நாள், அங்கயற்கண்ணி அரசாளும் மதுரைச் சீமையில் தோன்றினார். தந்தையார் இராமநாதபுரம் ஜமீனுக்கு வக்கீலாக இருந்தவர். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பும்போதே தந்தையார் மறைந்தார். அன்னையின் அரவணைப்பிலும் தமையனாரின் ஆதரவிலும் வளர்ந்த சிறுவர், மதுரையிலேயே கல்வி பயின்றார். இளமையில் சிறு உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்ட நூல்களைக் கற்று, 1868-இல் பி.எல். தேர்வில் தேறி, மறு ஆண்டு முதல் மதுரையில் வக்கீல் தொழிலை மேற்கொண்டார்.

அவர் பிறந்த காலம் தென்னாட்டுக் கோயில்களுக்குச் சோதனைக் காலம். 1817-ஆம் ஆண்டின் ஏழாவது ரெகுலேஷனால் கோயில் தர்மங்களின் மேற்பார்வை ரெவினியூ போர்டாரிடம் இருந்தது. கம்பெனி அரசாங்கம் பிற சமயக் காரியங்களில் கைவைத்தல் தகாது என்று இங்கிலாந்திலே கிளர்ச்சி எழவே, 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசாங்கத்தார் அப்பொறுப்பினின்று விலகத் தொடங்கினர். பின்னர் 1863-ஆம் ஆண்டின் இருபதாவது சட்டம் பிறந்தது. அதன்படி அமைந்த தேவஸ்தானக் கமிட்டிகளின் அங்கத்தினர் ஆயுள் முழுதும் பதவி வகிக்கலாயினர். நல்லவர் அமர்ந்த இடத்தில் கோயில் தழைத்தது. அல்லாதவர் அமர்ந்த இடத்தில் ஆண்டவன் சொத்துக்குக் காவல் இல்லை. தவறு செய்தவரைக் கேட்க வேண்டுமாயின், பக்தன் தன் கைப்பொருளைச் செலவிட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று.

இந்நிலையை ஐயர் அவர்கள் மதுரையில் கண்ணாரக் கண்டார். நகரசபை அங்கத்தினராக ஊர் நலம் பேணியதோடு, மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலய நிர்வாகத்தைச் சீர்திருத்தும் முயற்சியிலும் ஈடுபட்டார். கோயிலின் நலிவுக்குப் பக்திக் குறைவைக் காட்டிலும் கணக்குக் குறைவே பெருங்காரணம் என்னும் உண்மை அப்போதே அவர் உள்ளத்தில் பதிந்திருத்தல் வேண்டும். பிற்கால வாழ்வு அதற்குச் சான்று பகர்கின்றது.

1884-இல் சென்னைச் சட்டசபையில் நியமன அங்கத்தினரானார். மறு ஆண்டு தம் தொழிலைச் சென்னைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வாண்டின் இறுதியில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபைக்குச் சென்ற எழுபத்திரண்டு பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர். 1888-இல் ஹைகோர்ட்டில் கவர்ன்மெண்டு பிளீடராகவும் பப்ளிக் பிராசிக்யூடராகவும் நியமனம் பெற்றார். அப்பதவியை ஏற்ற இந்தியருள் அவரே முதல்வர்.

கவர்ன்மெண்டு பிளீடர் பதவியின் அருமையை அன்பர்கள் சிறிது அறிதல் நலம். அந்நாளில் அரசாங்கத்தார் தொடுக்கும் வழக்கும், அரசாங்கத்தார்மேல் தொடுக்கப்படும் வழக்கும் இந்தியா மந்திரியின் பெயராலேயே நடைபெறும். 1882-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டப்படி, அரசாங்கத்துக்கு வரும் சம்மன்களைப் பெற்றுக்கொள்ளும் ஏஜெண்டு கவர்ன்மெண்டு பிளீடரே. ஜில்லாக்களிலிருந்து வரும் அப்பீல்களில் நிலவரி, புறம்போக்கு, இனாம், ஏரி வாய்க்கால் உரிமை என்று எத்தனையோ தகராறுகள் அடங்கும். ஒரு பக்கம் இராஜாங்கத்தின் வலிமை, மறு பக்கம் ஒரு குடியானவனோ ஒரு தர்ம ஸ்தாபனமோ நிற்கும்.

அரசாங்கத்தார்மேல் வழக்கிட விரும்புவோர் இரண்டு மாதம் முன்னதாக நோட்டீசு கொடுக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. கோரிக்கை நியாயமாயின் கோர்ட்டுக்குப் போகாமலே பரிகாரம் செய்ய அவகாசம் தருவது அதன் கருத்து. ஆகவே, சர்க்கார் வக்கீலுக்கு வாதத் திறமை மட்டும் போதாது. தம் கட்சி தவறாயின் அதனை எடுத்துரைக்கும் நெஞ்சுரமும் வேண்டும். வழக்கை வெல்வது கட்சிக்காரனுக்கு இலாபம். ஆனால் அநியாயமாக வெல்லும் அரசாங்கம் குடிகளின் நம்பிக்கையை இழந்துவிடும். இத்தகைய ஆசனத்தில் ஏறக்குறைய ஏழாண்டுகள் அமர்ந்திருந்த ஐயர் அவர்கள், 1895-இல் சர் முத்துசாமி ஐயர் மறைந்த பின், ஹைகோர்ட் நீதிபதியாக உயர்ந்தார். 1899, 1903, 1906 ஆகிய ஆண்டுகளில் தற்காலிகப் பிரதம நீதிபதியாகவும் பணியாற்றினார். 1900-இல் சர் பட்டம் அவரை அடைந்தது. 1907-இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றோர் சாய்வு நாற்காலியை நாடுவர். ஐயர் அவர்களோ இளமையில் மதுரையில் தொட்ட பணியை மீண்டும் கையிலெடுத்தார். கோயில் தர்மங்களைக் காக்கச் சென்னையில் தோன்றிய தர்ம ரக்ஷண சபைக்கு அவர் தலைமை தாங்கி வழிகாட்டினார். தர்மச் சொத்தை வீணாக்கிய நிர்வாகிகளைச் சட்டத்தின் முன் நிறுத்திக் கோயில்களுக்கு ஒழுங்கான நிர்வாகத் திட்டம் வகுக்கச் செய்வது அச்சபையின் நோக்கம்.

அதற்கு வழியும் சட்டத்திலேயே இருந்தது. பொதுத் தர்மத்தில் நம்பிக்கைத் துரோகம் நேர்ந்தால் அட்வொகேட் ஜெனரல் தாமே வழக்கிடலாம். அன்றி, அத்தர்மத்தில் பாத்தியமுடைய இருவரோ அதற்கு மேற்பட்டவரோ அவருடைய எழுத்து மூலமான சம்மதம் பெற்று வழக்கிடலாம் என்பது அந்நாளைய விதி. சென்னைக்கு வெளியே கலெக்டர் போன்ற அதிகாரி அந்தச் சம்மதத்தை அளிக்க இயன்றது. 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 539-ஆம் பிரிவும், அதன் பின் வந்த 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-ஆம் பிரிவும் அந்நாளில் இதனைக் கூறின. வாய் திறந்து பேசாத ஆண்டவனுக்காக வாதாட அரசாங்கத்தின் தலைமை வக்கீலும் கடமைப்பட்டவர் என்பதே இவற்றின் உட்பொருள். சர்க்கார் வழக்குகளின் உள்ளும் புறமும் அறிந்த ஐயர் அவர்களின் அனுபவம் இங்கே தெய்வ காரியத்துக்குப் பயன்பட்டது.

அவருடைய நெஞ்சுரம் கோயில் காரியத்தோடு நின்றுவிடவில்லை. 1917-இல் அன்னி பெசண்டு அம்மையார் காவலில் வைக்கப்பட்டபோது, ஹோம்ரூல் இயக்கத்தின் கௌரவத் தலைவராய் இருந்த ஐயர் அவர்கள், அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு இந்நாட்டின் குறைகளை விளக்கிக் கடிதம் எழுதினார். ஆட்சியாளர் சினந்தனர். ஐயர் அவர்களோ 1918-இல் தம் பட்டங்களைத் துறந்தார். எந்த அரசாங்கத்துக்காக ஒரு காலத்தில் நின்று வாதாடினாரோ, அதே அரசாங்கம் நெறி தவறியதாக அவர் மனச்சாட்சி சொன்னபோது, அது தந்த அணிகலனைக் கழற்றி வைக்க அவர் தயங்கவில்லை. கட்சிக்காரனுக்கு உண்மையாய் இருந்தவர், தர்மத்துக்கு அதனினும் உண்மையாய் இருந்தார்.

1924-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயதில் அவர் இறைவன் திருவடி நிழலை எய்தினார். சென்னை மாகாண இந்து அறநிலையச் சட்டம் 1925-ஆம் ஆண்டின் முதற் சட்டமாக வெளிவந்தபோது அதனைக் காண அவர் இல்லை. அச்சட்டம் 1927-இலும் 1951-இலும் 1959-இலும் புத்துருப் பெற்றது. கோயில் கணக்கு ஊரறியத் தணிக்கை செய்யப்படவேண்டும் என்று இன்று நாம் எளிதாகச் சொல்கிறோம். அவ்வாறு சொல்வதற்கே நீதிமன்ற வாயிலில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர் ஒரு தலைமுறையினர்.

இத்திருப்பணிக்கு வாரி வழங்கிய அன்பர்களுக்கு இப்பெரியார் வாழ்க்கை உணர்த்துவது ஒன்றுண்டு. கொடுப்பதோடு கடமை முடிவதில்லை. கட்டளைக்கு எழுதிவைக்கும் நிலத்தின் நான்கெல்லையும் பத்திரத்தில் தெளிவாக எழுதி முறைப்படி பதிவு செய்தலும், கொடுத்தது குறித்த கைங்கரியத்துக்கே செல்கின்றதா என்று ஆண்டுதோறும் கேட்டறிதலும், அவ்வாறு கேட்பாரை நிர்வாகிகள் மனமுவந்து வரவேற்றலும் வழிபாட்டின் பகுதிகளே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கலசத்துக்கு நீராட்டுகிறோம். கணக்குக்கு ஆண்டுதோறும் நீராட்டு வேண்டும்.

புதிய கலசத்தின்மேல் புனித நீர் பொழியும் வேளையில், வழக்கு மன்றத்தில் நின்று ஆலயங்களைக் காத்த அவ்வுத்தமரையும் ஒருகணம் நெஞ்சில் நினைந்து, எல்லாம்வல்ல இறைவன் திருவருளால் இத்தலத்து நித்திய பூசையும் அறக்கட்டளைகளும் குறைவின்றி நடைபெறுக என வேண்டி அமைவோமாக.