மாயூரம் வேதநாயகர்: வழக்குமன்றமும் எழுத்தும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் வளர்த்த சான்றோரை இரு சாராராகக் காணலாம். மடங்களையும் வள்ளல்களையும் சார்ந்து, பாடம் சொல்வதும் பாடுவதுமே வாழ்வெனக் கொண்ட புலவர் ஒரு சாரார். பகற்பொழுதை அலுவலகத்துக்கும் வழக்குமன்றத்துக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சிய பொழுதைத் தமிழுக்குக் கொடுத்தோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒரே ஊரில் அருகருகே வாழ்ந்த காட்சியை மாயூரத்தில் காண்கிறோம். முன்னவருக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) சான்று. பின்னவருக்கு முன்சீப் வேதநாயகம் பிள்ளை சான்று. தமிழின் முதல் நாவலைத் தந்தவர் முழுநேரப் புலவர் அல்லர், வழக்குக் கட்டுகளுக்கிடையே வாழ்ந்த ஓர் அதிகாரி என்பது நம் சிந்தனைக்குரியது. ஓய்வு நேரத்தில் எழுதினார் என்று இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அந்த விடை போதாது என்பதே நம் கருத்து.

வேதநாயகர் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். கத்தோலிக்கக் கிறித்தவக் குடும்பம். திருச்சியில் தியாகராச பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். அந்த ஆசிரியரும் வழக்குமன்ற மொழிபெயர்ப்பாளரே. ஆகவே, அலுவலும் தமிழும் ஒருவரிடத்தே ஒன்றாக இருக்கக்கூடும் என்பதை வேதநாயகர் இளமையிலேயே கண்கூடாகக் கண்டார். திருச்சி வழக்குமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியில் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, தேர்வெழுதி, 1857இல் தரங்கம்பாடியின் முன்சீப் ஆனார். பின்னர்ச் சீகாழி, அதன்பின் மாயூரம். மாயூரத்தில் மட்டும் ஏறத்தாழ 13 ஆண்டுகள். 1872இல் பணியிலிருந்து விலகினார். அவர் தீர்ப்பு வழங்கிய மூன்று ஊர்களும், 2020இல் தோன்றிய மயிலாடுதுறை மாவட்டத்துள் இன்று ஒருங்கே அமைந்துள்ளன.

முன்சீப் பணி எளியதன்று. நிலத்தகராறு, கடன், பாகப்பிரிவினை என மக்களின் அன்றாட உரிமை வழக்குகள் முதலில் வந்து சேரும் இடம் அதுவே. வாதி பிரதிவாதி கூற்றுகளைக் கேட்டல், சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தல், பத்திரங்களை ஆராய்தல், தீர்ப்பெழுதுதல் என்று பகல் முழுவதையும் விழுங்கும் பணி. இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. முன்சீப் என்பதே அரபுச் சொல். நீதி செய்பவர் என்பது பொருள். வக்கீல், தாவா, வாய்தா, பைசல், ஜப்தி, மகஜர், அமீனா ஆகியவையும் அம்மொழியின் வேர்களிலிருந்து கிளைத்து, பாரசீக வழியாக நம் நாட்டு வழக்குமன்றங்களுக்கு வந்தவையே. இச்சொற்களும், ஆங்கிலச் சட்டச் சொற்களும், காவிரிக்கரை உழவரின் பேச்சும் ஒன்றாய்க் கலந்து ஒலித்த அவையில் வேதநாயகர் பதினைந்து ஆண்டுகள் அமர்ந்திருந்தார். மொழியைக் கூர்ந்து கேட்கும் காதுடையார்க்கு இதைவிடச் சிறந்த கல்விச்சாலை வேறு உண்டோ?

அவர் முன்சீப் ஆன இரண்டாம் ஆண்டிலேயே, 1859இல், நீதிநூல் வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கான உரிமையியல் நடைமுறைச் சட்டம் முதன்முதலில் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஒருபுறம் புதிய சட்டத்தைக் கற்க வேண்டிய நெருக்கடி. மறுபுறம் செய்யுள் நூல் ஒன்றை அச்சேற்றும் முயற்சி. இரண்டும் எவ்வாறு இயைந்தன? நூலின் வடிவத்தை நோக்கினால் விடை ஒருவாறு புலப்படும். நீதிநூல் தொடர்கதையன்று, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அதிகாரம், ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு செய்யுள் என்றமைந்தது. நான்கடிச் செய்யுள் மனத்துக்குள்ளேயே உருவாகக்கூடியது. அதனைச் சுமந்துகொண்டு நடக்கலாம், வண்டியில் செல்லலாம். வீடு திரும்பியபின் ஏட்டில் இறக்கி வைக்கலாம். இடையறவு மிக்க வாழ்வுடையவர்க்கு ஏற்ற வடிவத்தையே அவர் தேர்ந்தார் என்று கொள்ளுதல் பொருந்தும்.

பொருளும் தொலைவிலிருந்து வந்ததன்று. கைக்கூலி, பொய், களவு, சோம்பல் முதலியவற்றை அந்நூல் கடிந்து பேசுகிறது. கைக்கூலியைப் பற்றி அறநூலோர் பலர் பாடியிருக்கலாம். ஆனால், கைக்கூலி கொடுக்க ஆள் தேடி வரக்கூடிய நாற்காலியில் அமர்ந்திருந்தவாறே அதைப் பாடியவர் அரியர். பாடியபின் அந்த நாற்காலியிலேயே மேலும் பல ஆண்டுகள் அமர்ந்திருக்கவும் வேண்டும். ஊரார் நூலையும் படிப்பர், ஆசிரியரையும் பார்ப்பர். அலுவலில் இருந்துகொண்டு எழுதுவோர்க்கு நேரமின்மை மட்டுமே இடர் என்று நாம் எண்ணுகிறோம். எழுத்து தம் அலுவலைச் சோதிக்கும் என்பதும், அலுவல் தம் எழுத்தைச் சோதிக்கும் என்பதும் அதனினும் பெரிய இடர்.

1862இல் அவர் வெளியிட்ட சித்தாந்த சங்கிரகம் இலக்கிய மாணவர் பெரிதும் அறியாதது. 1805 முதல் 1861 வரை சென்னை சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் தந்த நூல் அது. அத்தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றால் கட்டுண்ட மக்களோ ஆங்கிலம் அறியாதவர். தம் உரிமையை முடிவு செய்யும் நெறி யாது என்று வழக்காடுவோர் தாமே அறிந்துகொள்ளத் தமிழில் வழியில்லாதிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட தீர்ப்புகளைத் தனியொருவராகத் திரட்டி மொழிபெயர்ப்பது எத்துணைப் பொறுமையைக் கோரும் உழைப்பு என்பதை, ஒரு பக்கம் மொழிபெயர்த்துப் பார்த்தாரும் உணர்வர். இதனைச் செய்யுமாறு அலுவல் அவரைப் பணிக்கவில்லை. ஆயினும், அலுவல் இல்லாதிருந்தால் இத்தேவை அவர் கண்ணில் பட்டிருக்குமா என்பது ஐயமே. தமிழ் உரைநடையில் அவர் கைதேறியதும் இப்பணியில்தான் என்பது நம் துணிபு. சுற்றிவளைக்கும் ஆங்கிலச் சட்டத்தொடரைப் பொருள் சிதையாமல் தமிழாக்கப் பழகியவர்க்குக் கதை சொல்லும் தெளிவு கைகூடியதில் வியப்பில்லை.

மாலைப்பொழுதில் தமிழ் தனியே இருந்ததில்லை, நட்பாக இருந்தது. அவர் சீகாழியில் முன்சீபாக இருந்த காலத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அங்கு வந்து சீகாழிக் கோவையைப் பாடி அரங்கேற்றினார். பின்னர், வேதநாயகரையே பாட்டுடைத் தலைவராகக் கொண்டு குளத்துக் கோவை என்னும் நூலையும் அவர் இயற்றினார். அகப்பொருட் கோவை ஒன்றுக்கு முன்சீப் ஒருவர் தலைவராதல் தமிழ் மரபில் புதுமையே. பாடியவர் ஆழ்ந்த சைவர், பாடப்பட்டவர் கிறித்தவர். இருவரும் அதனை ஒரு பொருட்டாகக் கருதவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகரும், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அவர்தம் நண்பர் குழாத்தில் இருந்தனர். இந்நட்பின் செய்திகளை உ.வே. சாமிநாதையர் தம் நூல்களில் விரும்பிப் பதிந்துள்ளார். பகல் முழுதும் பகைத்தவர் இருவரின் கூற்றைக் கேட்டு அலுத்த செவிக்கு, மாலையில் இன்னார் சொல் கிடைத்தது. அலுவலுக்கிடையே எழுதுவோர்க்குத் தனியறையினும் மிகுதியாக வேண்டுவது, எழுதியதைக் கேட்டு நிறைகுறை சொல்லும் ஒருவரே என்று நாம் கருதுகிறோம்.

1869இல் பெண்மதி மாலை வெளிவந்தது. பெண்கல்வியை வலியுறுத்தும் பாடல்களுடன், அப்பொருள் பற்றிய உரைநடையும் அதில் உண்டு. மாயூரத்தில் பெண்களுக்கென ஒரு பள்ளியையும் அவர் நிறுவினார்.

முன்சீப் பதவியைத் துறந்த 1872க்குப் பின் அவருக்கு ஓய்வு கிடைத்ததா என்றால், முழுதும் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். மாயூரம் நகராட்சியின் தலைவர் பொறுப்பு வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பெரும்பஞ்சம் வந்தது. தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். அந்த ஈகையைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். பசித்தோர்க்கு உணவளித்த சுப்பிரமணிய தேசிகரைப் போற்றி வேதநாயகரும் செய்யுள் புனைந்தார். பஞ்சத்தின் நடுவே, 1878இல், சர்வ சமய சமரசக் கீர்த்தனை வெளிவந்தது. எச்சமயத்தாரும் தத்தம் கடவுளை எண்ணிப் பாடத்தக்கவாறு, எச்சமயத்தின் தெய்வப் பெயரையும் விதந்து கூறாமல் இறைவனை வேண்டும் பாடல்கள் அவை. பஞ்சம் தீர்க்குமாறு இறைஞ்சும் பாடலும் அவற்றுள் உண்டு. அலுவல் பார்ப்போர்க்கு அறிவுரை கூறும் பாடல்களும் உண்டு. பதவி போனபின்னும் அலுவலகம் அவர் மனத்தைவிட்டுப் போகவில்லை போலும்.

அடுத்த ஆண்டு, 1879இல், பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது. தமிழில் உரைநடை நூல்கள் போதாமையைப் போக்குதலும், தம் முந்தைய நூல்களில் கூறிய அறங்களைக் கதையால் விளக்குதலும் இந்நூலின் நோக்கங்கள் என்று அவரே முன்னுரையில் தெரிவிக்கிறார். செய்யுளும் சட்டத்தொகுப்பும் பதவியில் இருந்தபோதே வெளிவந்துவிட்டன. நீண்ட உரைநடைக் கதை மட்டும், பதவி துறந்து ஏழாண்டு கழிந்தபின்னரே நூலாயிற்று. அலுவல் எதைக் கொடுத்தது, எதைத் தடுத்தது என்பதை இந்த வரிசை நமக்குக் காட்டுகிறது. சிறு சிறு பொழுதுகளில் விளையும் பயிர் உண்டு. நீண்ட பொழுதைக் கேட்கும் பயிரும் உண்டு. இரண்டாவதற்கு அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. வகுப்பும் விடைத்தாளும் முடிந்து வரும் விடுமுறைக்கென நம்மைப் போன்றோர் ஒதுக்கிவைக்கும் நூல்களையும் ஈண்டு எண்ணிக்கொள்கிறோம். ஆயின், காத்திருந்த காலத்தில் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை.

இந்நாவலில் கட்டுக்கோப்பு இல்லை, கிளைக்கதைகள் மிகுதி என்று திறனாய்வாளர் குறை கூறுவர். குறை உண்மையே, நாமும் மறுக்கவில்லை. ஆனால், நாள்தோறும் ஒருவர்பின் ஒருவராக வந்து கூண்டில் நின்று தத்தம் கதையைச் சொல்ல, அதைக் கேட்டு ஆண்டுகள் பலவற்றைக் கழித்த ஒருவர் கதை சொன்னால் அது வேறெப்படி இருக்கும்? ஒரு கதை முடியுமுன் மற்றொன்று குறுக்கிடுவது அவர் அறிந்த உலகின் இயல்பு. கதைத்தலைவி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் விக்கிரமபுரியை ஆளும் பகுதியைப் படிப்போர் இதனை நன்கு உணர்வர். தமிழ் வழங்கும் நாட்டில், கட்சிக்காரர்க்கு விளங்காத ஆங்கிலத்தில் வக்கீல்கள் வாதாடுவதை அந்நூல் எள்ளி நகையாடுகிறது. அந்த நகைச்சுவை கற்பனையில் பிறந்ததன்று. சித்தாந்த சங்கிரகத்தை எழுதத் தூண்டிய அதே மனக்குறைதான், இங்கே சிரிப்பாக வெளிப்படுகிறது.

இதற்கு ஆறாண்டு கழித்து, 1885இல், அசன்பே சரித்திரத்தை வெளியிட்ட கண்டி சித்திலெப்பை மரைக்காயரும் (1838–1898) சட்டத்துறையினரே என்பதை நம் மாணவர் கருதிப்பார்க்க வேண்டும். வழக்கறிஞராக இருந்துகொண்டே, 1882இல் முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கி நடத்தியவர் அவர். தமிழ் நாவலின் முதற்பக்கங்களில் வழக்குமன்ற வாடை வீசுவது தற்செயலாகாது. இதனை விரிவாக ஆராய முன்வரும் ஆய்வாளர்க்கு நிறைந்த விளைச்சல் காத்திருக்கிறது.

வேதநாயகரின் இரண்டாம் நாவலான சுகுணசுந்தரி 1887இல் வெளிவந்தது. அளவில் சிறியது, முதல் நாவலின் வீறும் அதில் இல்லை. 1889ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21ஆம் நாள் அவர் மறைந்தார். அவரோடு இணைந்து நிலைத்துவிட்ட மாயூரம் என்னும் ஊர்ப்பெயர் 1982இல் மயிலாடுதுறை என மாறிற்று. அவர் எழுதிய தீர்ப்புகளைத் தேடிப் படிப்பார் இன்று இலர். சித்தாந்த சங்கிரகத்தை நூலகத்தில் கேட்பாரும் அரியர். கீர்த்தனைகளை மட்டும், பாடியவர் ஒரு முன்சீப் என்பதை அறியாதவரும் கச்சேரி மேடைகளில் பாடி வருகின்றனர்.