கேட்கக் கற்றுக்கொடுத்த ஆசான்: ஜோர்ஜ் போல்யா

1887 டிசம்பர் 13ஆம் திகதி ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர் ஜோர்ஜ் போல்யா. பாடசாலைக் காலத்தில் அவர் விரும்பிப் படித்தவை உயிரியலும் இலக்கியமும்தான். சட்டம் படிக்கச் சென்று ஒரே தவணையில் அதைக் கைவிட்டார். பின் மொழிகள், தத்துவம் என்று சுற்றிக் கணிதத்தை வந்தடைந்து, கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

விரிவுரைகளில் அவரை ஒரு கேள்வி உறுத்தியது. கரும்பலகையில் எழுதப்பட்ட தீர்வு சரிதான். ஆனால் அந்த வழி ஒருவருக்கு எப்படித் தோன்றியது? அதை யாரும் சொல்லவில்லை. பின்னாளில் சூரிச் நகரில் நீண்டகாலம் கற்பித்து, 1940இல் அமெரிக்கா சென்ற பின்பும் அக்கேள்வி அவரை விடவில்லை. 1945இல் வெளிவந்த ‘ஹவ் டு சோல்வ் இட்’ என்ற நூல் அதற்கான பதிலே. வினாவை விளங்கிக்கொள், திட்டமிடு, செய்து பார், திரும்பிப் பார் என்ற நான்கு படிகளை அது உலகுக்குத் தந்தது.

1953இல் ஓய்வு பெற்றபின் அவரது கவனம் கணித ஆசிரியர்கள் மீது திரும்பியது. தானே ஒரு புதிய கணக்குடன் போராடாத ஆசிரியர் மாணவருக்குச் சிந்திக்கக் கற்பிக்க இயலாது என்பது அவர் எண்ணம். ஆகவே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக வகுப்புகளில் ஆசிரியர்களைக் கணக்குச் செய்ய வைத்தார். ஒருவர் ஆசிரியராகவும் மற்றவர்கள் மாணவராகவும் இருந்து, விடையைச் சொல்லாமல் வினாக்களால் வழிகாட்டிப் பழகினர்.

1966இல் படமாக்கப்பட்ட அவரது பாடம் ஒன்று புகழ்பெற்றது. விசேட ஒழுங்கின்றி ஒன்றையொன்று வெட்டும் 5 தளங்கள் வெளியை எத்தனை பகுதிகளாக்கும்? முதலில் ஊகிக்கச் சொன்னார். பின் எளியவற்றுக்கு இறங்கினார். 1 தளம் 2 பகுதிகள், 2 தளங்கள் 4, 3 தளங்கள் 8. அடுத்தது 16 என்றுதான் மனம் சொல்லும். ஆனால் நான்காம் தளத்தை முன்னைய மூன்றும் 3 கோடுகளில் வெட்டுகின்றன. அக்கோடுகள் அத்தளத்தை 7 துண்டுகளாக்குகின்றன. ஆகவே கூடுவது 7 மட்டுமே, விடை 15. அதேபோல் ஐந்தாம் தளத்தில் 4 கோடுகள், 11 துண்டுகள், மொத்தம் 26. ஊகிக்கத் துணிவு வேண்டும்; அந்த ஊகத்தையே சந்தேகிக்க அதைவிடத் துணிவு வேண்டும்.

1985 செப்டெம்பர் 7ஆம் திகதி, தமது 97ஆவது வயதில் அவர் காலமானார்.

நம்மில் பலர் நாளைய ஆசிரியைகள். பிள்ளை தவறான விடை சொல்லும்போது உடனே சிவப்புப் பேனாவை எடுக்காமல், எப்படி யோசித்தாய் என்று கேட்போம். பெற்றோரே, புள்ளி எத்தனை என்று கேட்கும் முன், இன்று என்ன கேள்வி கேட்டாய் என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள்.