மீண்டும் மாணவரான குரு

வெளிநாட்டில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பி, முன்பு செய்த தொழிலையே மறுபடியும் தொடங்குவோர் நம் அன்புவழிபுரத்தைப் போன்ற ஊர்களில் உண்டு. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியபின் மீண்டும் படிப்பிக்கச் செல்லும் தாய்மாரும் உண்டு. இடையில் கைப்பழக்கம் விட்டுப்போயிருக்கும்; தொழில் முறைகளும் மாறியிருக்கும். தம்மிலும் இளையவரிடம் கேட்டுப் பழக வேண்டும். அப்போது வெட்கம் வந்து வழிமறிக்கும். அத்தகைய நேரத்தில் தனிநாயகம் அடிகளாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் பிறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும், கொழும்பு குருமடத்திலும், பின்னர் உரோமாபுரியிலும் கற்றார். 1938இல் குருப்பட்டம் பெற்றார். புனித சிப்பிரியான் ஆயராக இருந்த காலத்துக் கார்த்தேஜ் குருக்களைப் பற்றி ஆராய்ந்து, இறையியலில் கலாநிதியானார். ஆங்கிலம், இலத்தீன், இத்தாலியம் முதலிய மொழிகளில் புலமை பெற்றிருந்தார்.

பின்னர் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்து, 1940 முதல் வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளியில் பணியாற்றினார். அங்கேதான் தமது குறை அவருக்குத் தெளிவாயிற்று. தாய்மொழியாம் தமிழின் இலக்கியத்தை அவர் முறையாகக் கற்றிருக்கவில்லை. மறையுரை ஆற்றும் குருவுக்கும் வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கும் மொழியே தொழிற்கருவியன்றோ! கலாநிதிப் பட்டம் பெற்ற அக்குருவானவர் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் கற்றார்.

அத்துடன் அவர் நிறைவடையவில்லை. 1945இல், தமது 32ஆம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். முதுகலைப் பட்டம் பெற்று, பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை எவ்வாறு இடம்பெறுகிறது என்பதையும் ஆராய்ந்தார். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அந்நிலையிலும் இலண்டன் சென்று மறுபடியும் மாணவராகி, பண்டைத் தமிழரின் கல்வியைப் பற்றி ஆராய்ந்து இரண்டாம் முறை கலாநிதியானார்.

அவர் திரும்பி வந்தது பழைய வேலைக்கு அன்று. இளமையில் கைநழுவ விட்ட தாய்மொழிக்கே. ஆயினும் இரண்டிற்கும் வேண்டிய மனத்தாழ்மை ஒன்றே.

அந்தத் தாழ்மை தந்த பலனைப் பாருங்கள். 1952இல் தமிழ்ப் பண்பாட்டிற்கென ஆங்கிலத்தில் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் முதலாம் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியையும் அதே ஆண்டில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். பிந்திக் கற்ற ஒருவரே தமிழை உலக அரங்கில் ஏற்றினார். 1980 செப்டெம்பர் 1ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

வாசகரே, அடிகளார் முன்பு பெற்ற கல்வி வீண் போகவில்லை. உரோமையில் பழகிய ஆராய்ச்சி முறையும் பிறமொழி அறிவும் தமிழ்ப்பணியில் அவருக்குக் கைகொடுத்தன. நீங்கள் இடைக்காலத்தில் பெற்ற அனுபவமும் அவ்வாறே உதவும். ஆகவே, பழைய தொழிலுக்குத் திரும்பும்போது தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இளையவர் சொல்லித் தந்தால் பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் அவ்வாறு மீண்டும் கற்கத் தொடங்கினால் அவரை நகையாடாதீர்கள், அவருக்காகச் செபியுங்கள்.