தூசி விலகிய இருட்டு: ஜோன் டின்டலின் வாழ்வு

பாடசாலை விஞ்ஞானத்தில் 'டின்டல் விளைவு' என்று வந்து போகும் பெயர் ஜோன் டின்டல். அவரைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அவர் கண்ட ஓர் இருட்டு. மற்றது, அவருடைய மனைவி.

1820இல் அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்தில் ஒரு பொலிஸ்காரரின் மகனாகப் பிறந்தார். அரச நில அளவைப் பணியில் இருந்தபோது, சம்பளத்தையும் அயர்லாந்துப் பணியாளர்கள் நடத்தப்பட்ட விதத்தையும் எதிர்த்ததால் 1843இல் வேலை இழந்தார். பின்னர் ரயில் பாதைகளுக்கு நிலம் அளந்தார். ஜேர்மனியில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1853இல் லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியரானார்.

1870 அளவில் காற்றில் மிதக்கும் தூசியை ஆராய்ந்தார். இருட்டறையில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சினால் தூசி பளிச்சிடும். அதன் கீழே சுடரைப் பிடித்தபோது புகைபோலக் கரிய சுருள்கள் எழுந்தன. அது புகையல்ல, ஒளியைச் சிதறடிக்கத் தூசியே இல்லாத காற்று. தூசி எரிந்துவிட்டது என்று எண்ணலாம். ஆனால் தூசியை எரிக்கப் போதாத சூட்டிலிருந்த உலோகத்தின் மேலும் அதே இருட்டு எழுந்தது.

காரணத்தைப் பின்வந்தவர்கள் தெளிவாக்கினர். சூடான மேற்பரப்பு தூசியை விலக்கும், குளிர்ந்த மேற்பரப்பில் அது படியும் என்று 1884இல் ஸ்கொட்லாந்தின் ஜோன் எயிட்கன் காட்டினார். எளிமையாகச் சொன்னால், சூடான பக்கத்து வாயு மூலக்கூறுகள் துணிக்கையில் வேகமாக மோதுகின்றன. குளிர்ந்த பக்கத்தவை மெதுவாக மோதுகின்றன. இந்தச் சமனின்மை துணிக்கையைக் குளிர்ந்த பக்கம் தள்ளுகிறது. குப்பி விளக்கில் படித்த எங்களுக்குச் சுவரில் ஒட்டிய கரி நன்றாகத் தெரியும். அதிலும் இந்தத் தள்ளலுக்குப் பங்குண்டு. பின்னாளில், சுரங்கத் தொழிலாளர் சுவாசிக்கும் தூசியைச் சேகரித்து அளக்கும் கருவியும் இதே தத்துவத்தில் செய்யப்பட்டது.

1876இல் லூயிசா ஹமில்டனை மணந்தார். வயோதிபத்தில் தூக்கமின்மை அவரை வாட்டியது. 1893 டிசம்பர் 4 காலை, வழமையாகக் கொடுக்கும் மக்னீசியா என்று எண்ணி, தூக்க மருந்தான குளோரலை லூயிசா அதிக அளவில் கொடுத்துவிட்டார். அன்றே டின்டல் இறந்தார். மரண விசாரணை அதை விபத்து என்று முடித்தது.

லூயிசாவுக்கு அது அத்துடன் முடியவில்லை. மேலும் 46 ஆண்டுகள் வாழ்ந்த அவர், கணவரின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தேடிச் சேர்த்தார், பிரதி எடுத்தார். அவருடைய வாழ்க்கையை எழுதி முடிக்க விரும்பினார், முடியவில்லை. 1940இல் லூயிசா இறந்தார். வேறு இருவர் எழுதிய நூல் 1945இல் வெளிவந்தது.

இழந்தவரின் படத்தையும் கடிதத்தையும் கோப்பில் இட்டுக் காத்துவரும் பலரை நான் அறிவேன். அவர்களுக்கு லூயிசா அந்நியர் அல்லர். டின்டலைப் பற்றி இன்று நாம் அறிவதில் நிறைய, அந்தப் பெண் கைவிடாமல் சேர்த்த தாள்களிலிருந்தே வருகிறது.